நான்காவது பிளக்

மலை ஊரான அட்டுவம்பட்டியில் நான் குடியிருக்கும் மாடி வீட்டில், ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. “இடி இடித்தால்” என்று மேலே எழுதி, கீழே பிடுங்க வேண்டிய பிளக்குகளை வரிசைப்படி எழுதியிருந்தேன். முதலில் டிவி, அடுத்து ஃபிரிட்ஜ், பிறகு கெய்சர், நான்காவதாக வெளி ஹார்ட் டிஸ்க். ஐந்தாவதாக இருந்த மோடத்தை, அதற்குத் தனியாக பேட்டரி வாங்கிய பிறகு சிவப்பு மையால் அடித்துவிட்டிருந்தேன். தாளை எழுதிய தேதியும், திருத்திய தேதியும் ஓரத்தில் இருக்கும். நான் எதையும் அப்படித்தான் செய்வேன்.

இந்த மலையில் இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். முதல் உறுமல் கேட்டதும் தெருவில் ஒருவர் கத்துவார், அடுத்த வீட்டில் டிவி சத்தம் நிற்கும், அதற்கடுத்த வீட்டில் மாவு அரைக்கும் சத்தம் நிற்கும். குடிவந்த முதல் நாளே வீட்டுக்கார அக்கா வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைத்தான் சொன்னார். அவர் கீழ்வீட்டில் இருக்கிறார். மேல்மலைக் கிராமத்தில் பூண்டு போடும் குடும்பம். என் வேலையை எத்தனை முறை விளக்கினாலும் “கம்ப்யூட்டரம்மா” என்றுதான் கூப்பிடுவார்.

என் வேலை, கிளவுடில் சர்வர்களைக் கட்டித் தருவது. என்னென்ன வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால், ஒரு கருவி அதைப் படித்து ஒவ்வொன்றாகக் கட்டும். எதைக் கட்டினோம், எதை இடித்தோம் என்பதைத் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் ஓட்டாதபடி, அவர் பெயரில் ‘லாக்’ என்ற பூட்டையும் போடும். அந்தக் கருவி தானாக எதையும் செய்யாது. அதற்குத் துணைப் பேக்கேஜுகள் வேண்டும். ஒவ்வொன்றும் பெரிய சுமை. புதிய வேலையைத் தொடங்கும்போதெல்லாம் கருவி அவற்றை இணையத்திலிருந்து புதிதாக இறக்கும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இது ஒரு டீ குடிக்கும் நேரம். இங்கே அப்படியில்லை. மழை பெய்தால் லைன் தேயும், காற்றடித்தால் அறுந்து அறுந்து வரும். ஒரு முறை பேக்கேஜுகள் இறங்குவதற்கு மட்டும் முப்பத்தெட்டு நிமிடம் ஆனதை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறேன். அதற்கு அடுத்த நாள் முக்கால் பங்கு இறங்கி, அறுந்து, மறுபடி முதலிலிருந்து.

இதற்கு வழி உண்டு. கருவியின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். பேக்கேஜுகளை இந்த இடத்தில் ஒரு முறை வைத்துக்கொள், அடுத்த முறை இங்கிருந்தே எடு என்று சொல்லும் வரி. அப்படிச் செய்தால் ஒவ்வொரு வேலைக்கும் தனி நகல் இருக்காது. எல்லா வேலைகளும் அந்தக் கையிருப்பைச் சுட்டிக்கொண்டு நிற்கும். நிறுவனம் கொடுத்த மடிக்கணினியில் இடம் போதவில்லை. எனவே குடும்பப் புகைப்படங்களுக்காக வாங்கியிருந்த பழைய பெரிய ஹார்ட் டிஸ்கில் ஒரு கோப்புறை திறந்து, அந்த வரியில் அதன் முகவரியைக் கொடுத்தேன். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் சிக்கல் வராது என்று வேலைக் கோப்புறையையும் அங்கேயே மாற்றினேன். அன்றைக்குத் தொடக்க வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. நாட்குறிப்பில் அதை எழுதி அடிக்கோடு போட்டேன். சுவரில் இருந்த தாளைத் திருத்தவில்லை. நான்காவது பிளக் இனிமேல் வெறும் புகைப்படங்களுக்கானது அல்ல என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஐப்பசியில் என் பொறுப்பில் இருந்தது ஒரு ரத்த இருப்புப் பட்டியல். தென்மாவட்டங்களில் உள்ள சில மருத்துவமனைகளும் ரத்த வங்கிகளும் அதைப் பார்க்கும். எந்த வகை ரத்தம் எங்கே எத்தனை யூனிட் இருக்கிறது என்று அது காட்டும். அதைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். தேடுபவர்கள் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, மதியம் ஒன்றரைக்குத் தொடங்குவது என்று முடிவாகியிருந்தது. பட்டியல் ஐந்து நிமிடம் மட்டும் மறையும் என்று எல்லா இடத்துக்கும் முன்னறிவிப்பு போயிருந்தது.

அன்று பன்னிரண்டரைக்கே மேற்கே வானம் இருண்டது. இங்கே அந்த மாதத்தில் மழை இரண்டு மணிக்கு வரும். ஒன்றரைக்குத் தொடங்கினால் மழைக்குள் மாட்டிக்கொள்வேன் என்று கணக்குப் போட்டேன். யாரிடமும் சொல்லாமல் ஒன்று பத்துக்குத் தொடங்கினேன். வீட்டில் நான் மட்டும்தான். கணவருக்கு வத்தலக்குண்டில் வேலை, சனிக்கிழமைதான் மேலே வருவார்.

வேலையில் பதினான்கு படிகள். ஒவ்வொன்று முடியும்போதும் திரையில் ஒரு பச்சை வரி வரும். ஒன்று பதினேழுக்குப் பட்டியலை மறைத்தது. புதிய தரவுத்தளம் எழுந்தது, பழையதிலிருந்த எல்லாம் அதற்குள் போனது, பழையது நீக்கப்பட்டது. பதினோராவது பச்சை வரி வந்தது.

அப்போது விழுந்தது. உறுமல் எதுவும் இல்லாமல் நேராக விழுந்த இடி. வீட்டுக்குப் பின்னால் இருந்த யூகலிப்டஸ் மரத்தில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, மேசையிலிருந்த தண்ணீர் தம்ளர் நகர்ந்தது. நான் எழுந்ததே எனக்குத் தெரியாது. ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். டிவி, ஃபிரிட்ஜ், கெய்சர், நான்காவது. நான்கு வயர்களும் கீழே கிடந்தன. கை ஐந்தாவதுக்குப் போய், அது சிவப்பில் அடித்திருப்பது நினைவுக்கு வந்து நின்றது.

மேசையில் ஹார்ட் டிஸ்க் ஒரு நீண்ட மூச்சைப் போல ஓசையிட்டு அடங்கியது.

அந்த ஓசை புரிய எனக்கு இரண்டு நொடி ஆகியிருக்கும். திரும்பிப் பார்த்தபோது திரை முழுவதும் சிவப்பு வரிகள். கருவி தன் பேக்கேஜைத் தேடியிருக்கிறது, அது சுட்டிய இடத்தில் ஒன்றுமில்லை, செத்துப்போய்விட்டது. குனிந்து பிளக்கை மறுபடி சொருகினேன். அடாப்டரின் பச்சை விளக்கு எரியவில்லை. மறுபடி சொருகினேன். அப்போதுதான் டியூப் லைட்டும் அணைந்திருப்பதைக் கவனித்தேன். கீழே அக்கா மெயினை இறக்கிவிட்டார்.

என்ன நடந்திருக்கிறது என்று வரிசையாக யோசிக்க முயன்றேன். பழைய தரவுத்தளம் இல்லை. புதியது எங்கோ கிளவுடில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதற்கு யாரும் போக வழி கட்டப்படவில்லை. அது இருப்பதைக் குறித்த பதிவேடு, வேலைக் கோப்புறையோடு, இறந்துபோன இந்த ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் பதிவேட்டின் நகல் நிறுவனத்தின் பொது இடத்துக்குப் போகும். அங்கே இருப்பது காலை நிலவரம். அதன்படி இன்னும் எதுவுமே நடக்கவில்லை.

மடிக்கணினி தன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. மோடமும் அப்படியே. ஆக, எனக்கு இணையம் இருந்தது. பட்டியலின் முகவரியைத் தட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பக்கம், நடுவில் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டம்.

ஒன்று இருபத்தெட்டுக்கு மேலாளர் அழைத்தார். சென்னையில் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

“மேடம், லிஸ்ட் டவுன்னு ரெண்டு இடத்துலேர்ந்து கால் வந்துருச்சு. டைம் இன்னும் ஆகலையே, ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?”

“இல்ல சார்,” என்றேன். “இங்க கரண்ட் போச்சு. இன்னும் தொடங்கல.”

இருபத்திரண்டு வருட வேலையில் நான் ஒரு நேரத்தைக்கூட மாற்றி எழுதியதில்லை. அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். மலையில் எல்லாவற்றுக்கும் கரண்ட் மேல் பழி போடலாம், யாரும் மறுத்துக் கேட்க மாட்டார்கள்.

“அப்ப பழைய சர்வரே விழுந்துருச்சு போல. நல்ல நேரம் பாத்து விழுந்துச்சு. உங்க பேர்ல ஒரு லாக் நிக்குதே?”

“அது... காலையில செக் பண்ணிப் பாத்தேன். அப்ப விழுந்த லாக்.”

“சரி விடுங்க. நீங்க அங்க இருட்டுல உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? அந்த லாக்க ஒடச்சுட்டு, பெங்களூர் டீம்ல இருந்து ரன் பண்ணச் சொல்லிடுறேன். பத்து நிமிஷத்துல புதுசு எழுந்துரும். டென்ஷன் ஆகாதீங்க மேடம்.”

வைத்துவிட்டார். அவர் குரலில் இருந்த அன்பு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இன்னொருவர் செய்துவிடுவார், நான் சும்மா இருந்தால் போதும்.

பிறகுதான் அந்த வரி நினைவுக்கு வந்தது. போன வருடம் நானே எழுதியது. முந்தைய முயற்சிகளில் அரைகுறையாக நின்றுபோனவை குப்பையாகக் கிடந்து இடைஞ்சல் தருவதாக எல்லாரும் குறை சொன்னார்கள். அதனால் புதிய தரவுத்தளத்தின் பெயரில், பதிவேட்டில் இல்லாத ஏதாவது கிடந்தால், அதை முதலில் துடைத்துவிட்டுத் தொடங்கும்படி எழுதியிருந்தேன். பாராட்டுகூட வந்தது.

பெங்களூரில் இருப்பவர் பொதுப் பதிவேட்டை நம்பித்தான் ஓட்டுவார். அதில் புதிய தரவுத்தளம் இல்லை. கருவி அதைக் குப்பை என்று நினைத்துத் துடைக்கும். பழையது ஏற்கெனவே போய்விட்டது. மிஞ்சுவது முந்தின இரவு எடுத்த நகல் மட்டும். வேறு எதற்காவது என்றால் அது போதும். ரத்தத்துக்குப் போதாது. காலையில் யாருக்கோ ஏற்றிவிட்ட யூனிட்டை அது இருக்கிறது என்று காட்டும். அதை நம்பி ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு போவார்.

போனை எடுத்து மேலாளரின் எண்ணை அழுத்தினேன், அவசரத்தில் வேறு யாருக்கோ போய்விட்டது. வெட்டிவிட்டு மறுபடி அழுத்தினேன். அவர் எடுக்கவில்லை. மறுபடி. வெளியே மின்னல், உடனே இடி. நான்காவது மணியில் எடுத்தார்.

“சார், நிறுத்தச் சொல்லுங்க. ஓட்டக் கூடாது.”

“ஏன் மேடம்?”

“நான் தொடங்கிட்டேன். ஒண்ணு பத்துக்கே தொடங்கிட்டேன். பதினோரு ஸ்டெப் முடிஞ்சுருச்சு. பழையது இப்ப இல்ல. பதிவேடு என் டிஸ்க்ல இருக்கு. இப்ப ஓட்டினா புதுசத் துடைச்சுடும்.”

அவர் வாய் போனிலிருந்து விலகிய சத்தம். இன்னொரு போனில் கத்தினார். “ஏய், எண்டர் தட்டாத! யெஸ் குடுக்காத! கைய எடு, கீபோர்டுலேர்ந்து கைய எடு!”

கருவி வேலையைத் தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்கும், உறுதியா என்று. ‘யெஸ்’ என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்துத் தட்ட வேண்டும். அந்த மூன்று எழுத்தில் பெங்களூர்க்காரர் எத்தனையைத் தட்டியிருந்தார் என்று எனக்கு இப்போதும் தெரியாது.

“நின்னுட்டான்,” என்றார் மேலாளர். அன்பெல்லாம் போயிருந்தது. “என்ன நடந்துச்சு? கரண்ட் போச்சுன்னீங்க.”

“கரண்ட் அப்புறம்தான் போச்சு சார். நான் டிஸ்க் பிளக்கப் பிடுங்கிட்டேன். இடி இடிச்சுது. பேக்கேஜ், ஃபோல்டர் எல்லாம் அதுலதான் வெச்சிருந்தேன்.”

“நீங்களா? நீங்களா புடுங்குனீங்க?”

“ஆமாம்.”

“வேற யாராவது சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்,” என்றார். “சரி. டிஸ்க் ஏறுமா? அதச் சொல்லுங்க.”

“கரண்ட் வந்தா பாக்கலாம்.”

“அப்ப கரண்ட்ட வரவைங்க,” என்றார். அவருக்கு அது என்ன மலை, என்ன இடி என்று தெரியாது.

மாடிப்படி வெளியே இருக்கிறது. சாய்வாக அடிக்கும் மழையில், கைப்பிடிக் கம்பியைத் தொடாமல், சுவரை ஒட்டி இறங்கினேன். இரும்பைத் தொடக் கூடாது என்ற புத்தி மட்டும் இருந்தது. செருப்பு போட்டிருக்கிறேனா என்று கீழே போய்த்தான் பார்த்தேன். போடவில்லை.

அக்கா இருட்டில் கட்டில் மேல் காலைத் தூக்கி மடக்கி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பூண்டு மூட்டைகள், அந்த வாசம்.

“யாரது? கம்ப்யூட்டரம்மாவா? இந்த மழையில என்னம்மா வெறுங்காலோட?”

“அக்கா, மெயினப் போடுங்க. ஒரு பத்து நிமிஷம்.”

“மெயினப் போடவா? இடி தலைக்கு மேல நிக்குது. போன வருசம் ஃபிரிட்ஜு போச்சு, டிவி போச்சு, மருமகன் ஆசையா வாங்கிக் குடுத்த மிக்சி போச்சு. நீங்க வாங்கித் தருவீங்களா?”

“வாங்கித் தர்றேன்கா.”

“அப்பிடி என்ன சோலி அது, இடிக்குள்ள பாக்குற சோலி? கம்ப்யூட்டர் பாலு கேட்டு அழுகுதா?”

“ரத்தம்கா. எந்த ஆஸ்பத்திரில எந்த ரத்தம் இருக்குன்னு காட்டுற லிஸ்ட். அது இப்ப யாருக்கும் தெரியல. என்னாலதான். நான் பிளக்கப் பிடுங்கிட்டேன்.”

“இடி இடிச்சா புடுங்கத்தான செய்யணும்? அதுல என்ன தப்பு?”

“தப்புத்தான்கா. அந்தப் பிளக்கைப் பிடுங்கியிருக்கக் கூடாது.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். எப்படி இருந்ததோ தெரியாது. கட்டிலிலிருந்து இறங்கி ரப்பர் செருப்பைத் தேடிப் போட்டார். இன்னொரு ஜோடியை என் பக்கம் காலால் தள்ளினார்.

“போடுங்க மொதல்ல. ரெண்டு பேரும் சாக வேணாம். இருங்க, இங்க எல்லாம் புடுங்கித்தான் கெடக்கான்னு பாத்துக்கிறேன்.” தடவித் தடவி ஒவ்வொரு பிளக்காகப் பார்த்தார். பூண்டு மூட்டைக்கு அடியில் இருந்த பலகையை இழுத்து மெயின் பெட்டிக்கு முன்னால் போட்டு அதன் மேல் ஏறி நின்றார். கையில் ஒட்டடைக் கம்பு.

“மின்னி முடியட்டும். மின்னுன ஒடனே எண்ணுங்க. வெரசா எண்ணக் கூடாது.”

மின்னியது. நான் எண்ணினேன். மூன்றில் இடித்தது.

“பக்கத்துலதான் இருக்கு. இன்னொண்ணு பாப்பம்.”

“அக்கா, நேரம் ஆகுது.”

“எனக்கும் உசுரு ஒண்ணுதானம்மா இருக்கு.”

அடுத்த மின்னலுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று குறித்துவைக்கவில்லை. அந்த நாளில் என்னிடம் நேரக் குறிப்பு இல்லாத இடம் அது ஒன்றுதான். மின்னியது. எண்ணினேன். எட்டில் இடித்தது, கொஞ்சம் தள்ளி. அந்தச் சத்தம் உருண்டு முடியுமுன்பே அக்கா கம்பால் நெம்பி மெயினை மேலே தள்ளினார். எங்கள் இரண்டு பேர் தலைக்கு மேலும் குண்டு பல்ப் எரிந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“ஓடுங்க. சோலி முடிஞ்சதும் ஒரு சத்தம் குடுங்க, எறக்கிருவேன்.”

மேலே ஓடினேன். அடாப்டரில் பச்சை விளக்கு. ஹார்ட் டிஸ்க் ஒரு முறை கரகரத்து நின்றது. மறுபடி கரகரத்துச் சுற்றத் தொடங்கியது. மடிக்கணினி அதை ஏற்றுக்கொள்ளவில்லை, முதலில் சோதிக்க வேண்டும் என்றது. சோதிக்கச் சொன்னேன். ஒரு கோடு இடமிருந்து வலமாக மிக மெதுவாக வளர்ந்தது. ஆறு நிமிடம். இந்த இடைவெளியில் வீட்டில் ஒரு மின்னல் இறங்கினால் எல்லாம் முடிந்தது என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் கண்ணை இறுக மூடினேன். மேலாளர் போனில் லைனிலேயே இருந்தார்.

டிஸ்க் திறந்தது. பதிவேட்டைத் திறந்து எண்ணினேன். பதினொன்று. கடைசி வரி முழுமையாக இருந்தது.

“இருக்கு சார்.”

“ரன் பண்ணுங்க.”

கையிருப்பிலிருந்த பேக்கேஜுகளைக் கருவி சோதித்து எடுத்துக்கொண்டது. ‘உறுதியா’ என்று கேட்டது. மூன்று எழுத்தையும் ஒரே விரலால், ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டினேன். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு. இரண்டு மூன்றுக்குப் பட்டியல் திரும்ப வந்தது. மொத்தம் நாற்பத்தாறு நிமிடம்.

“சாயங்காலத்துக்குள்ள ஒரு ரிப்போர்ட் அனுப்பிடுங்க,” என்றார் மேலாளர். “எத்தன தேடல் பாதிச்சுதுன்னும் போடணும்.” பிறகு, “சாப்பிட்டீங்களா?” என்றும் கேட்டார்.

அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் “பொறியாளர் தானே வட்டின் மின்னிணைப்பைத் துண்டித்தார்” என்று எழுதினேன். தீர்வு என்ற இடத்தில், கையிருப்பின் இடத்தை மடிக்கணினிக்குள்ளேயே மாற்றப்போவதாக எழுதினேன். இடம் போதாவிட்டால் வேறு எதையாவது அழித்துக்கொள்ளலாம். அடுத்து, பாதிக்கப்பட்ட தேடல்கள். பட்டியல் மறைந்திருந்தாலும், வாசலில் வந்து தட்டியவர்களின் குறிப்பு கிளவுடில் இருக்கும். எடுத்துப் பார்த்தேன்.

ஒன்பது தேடல்கள். அதில் இரண்டு இரு வேறு இடங்களிலிருந்து, தலா ஒரு முறை. மற்ற ஏழும் ஒரே இடத்திலிருந்து, சமவெளியில் உள்ள ஒரு மருத்துவமனை. ஒன்று இருபத்திரண்டிலிருந்து ஒன்று நாற்பது வரை. ஏழும் ஒரே வகை, ஓ நெகட்டிவ்.

ஏழு நேரங்களையும் ஒரு தாளில் எழுதினேன். முதல் மூன்றுக்கும் இடையில் நான்கு நான்கு நிமிடம். கடைசி இரண்டுக்கும் இடையில் அரை நிமிடம்கூட இல்லை.

வாடிக்கையாளர்களிடம் நாங்கள் நேரடியாகப் பேசுவது விதியில் இல்லை. அந்த மருத்துவமனை ஆய்வகத்தின் எண் எங்கள் பட்டியலிலேயே இருந்தது. இரண்டு இருபதுக்கு அழைத்தேன். ஒரு ஆண் குரல், ஆய்வக நுட்பநர்.

“ரத்த லிஸ்ட் பாத்துக்கிற ஆபீஸ்லேர்ந்து பேசுறேன்க. மதியம் ஏழு தடவ தேடியிருக்கு...”

“நாந்தேன் தட்டுனேன்! என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? அஞ்சு நிமிசம்னு மெசேஜு போட்டீங்க, அதும் ஒண்ணரைக்கு மேல. ஒண்ணு இருவதுலேர்ந்து சுத்திக்கிட்டே கெடந்துச்சு.”

“மன்னிச்சுக்கங்க. எங்க தப்பு. ரத்தம் கெடச்சுதா?”

“போனப் போட்டு ஒவ்வொரு எடமாக் கெஞ்சிக்கிட்டு இருந்தேன். அறுவது கிலோமீட்டருக்கு அங்கிட்டு ஒரு எடத்துல இருக்குன்னாங்க. வண்டில ஆளு போயிருக்கு. இன்னும் வரல.”

“இப்ப லிஸ்ட் வேல செய்யுதுங்க. ஒரு தடவ பாத்துடறீங்களா? பக்கத்துல இருக்கலாம்.”

“இனிமே என்னத்தப் பாக்க...” என்றார். ஆனால் தட்டும் சத்தம் கேட்டது. நானும் இங்கே அதே தேடலைத் தட்டினேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்கும். முதல் வரியில் ஒரு சிறிய ரத்த வங்கி, ஓ நெகட்டிவ், இருப்பு 1.

“ஏம்மா,” என்றார். குரல் இறங்கிவிட்டது. “இது எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி. சின்ன எடம், அவங்ககிட்ட எங்க இருக்கப் போகுதுன்னு கேக்கவே இல்ல நான்.”

“போய் வாங்கிருங்க.”

“வைங்க, வைங்க, நான் ஓடுறேன்.”

யாருக்கு, எப்படி இருக்கிறார், ஆணா பெண்ணா, எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

கீழேயிருந்து அக்கா கூப்பிட்டார். “கம்ப்யூட்டரம்மா! சோலி முடிஞ்சுதா? எறக்கட்டுமா? மறுபடி உருமுது!”

“இன்னும் கொஞ்சம்கா!”

“இன்னுமா? உங்க கொஞ்சத்துக்கு அளவே இல்லையாம்மா?”

என் வேலைக்கு மின்சாரம் இனி தேவையில்லை. மடிக்கணினி பேட்டரியில் ஓடும், மோடமும் ஓடும். ஆனாலும் எதையும் அணைக்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு ஸ்விட்சைத் தொட்டால்கூட அந்தப் பக்கம் மறுபடி வெள்ளையாகிவிடும் என்று பயந்தேன். நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கைகளை மடிக்குள் வைத்து உட்கார்ந்தேன். நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் ஒரு விரலால் பக்கத்தைப் புதுப்பித்தேன்.

இருப்பு 1. இருப்பு 1. மழை விட்டது, மறுபடி பிடித்தது. இரண்டு தெரு நடக்க எவ்வளவு நேரம்? ரத்தத்தை எடுத்துக் கொடுக்கக் காகிதம் எழுத வேண்டும், பொருத்தம் பார்க்க வேண்டும். இருப்பு 1. அவர் போவதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால்? அங்கே இருப்பவர் சாப்பிடப் போயிருந்தால்? இருப்பு 1.

இரண்டு ஐம்பத்தொன்றுக்கு அது 0 ஆனது.

கீழே எட்டிப் பார்த்து அக்காவிடம் இறக்கிவிடலாம் என்றேன். விளக்கு அணைந்தது. அந்த யூனிட்டை வாங்கியது அவர்தானா, வேறொருவரா என்று பட்டியல் சொல்லாது. ஆய்வகத்துக்கு ஒரு முறை அழைத்தால் தெரிந்துவிடும், ரத்தம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதும். எண் அந்தத் தாளில், ஏழு நேரங்களுக்குக் கீழே எழுதியிருந்தது. அன்று மாலை இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன், மறுநாள் ஒரு முறை. அந்த மருத்துவமனையிலிருந்து வரும் தேடல்களை இப்போதும் சில நாட்கள் பார்ப்பேன். அழைக்க மட்டும் முடியவில்லை.